ஏழு மணி ஆறு நிமிடம்

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். நான் விழுப்புரம் ஜங்ஷனில் தந்தி சிக்னலராக வேலை பார்த்தேன். வயது இருபத்தெட்டு. கல்யாணமாகி ஆறு வருடம், குழந்தை இல்லை. பிளாட்பாரத்துக்குப் பின்னால் முள்வேலியைத் தாண்டினால் எங்கள் குடியிருப்பு. தந்தி ஆபீஸ் ஜன்னலில் நின்று கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டால் என் மனைவிக்குக் கேட்டுவிடும். இந்தத் தூரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அப்போது எனக்கு ஒரே ஒரு விஷயத்தில் கர்வம் உண்டு. நேரம். தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு மெட்ராஸிலிருந்து லைன் முழுவதற்கும் தந்தி மூலம் சரியான நேரம் வரும். நாலுக்கு இரண்டு நிமிடம் முன்பே எல்லா ஸ்டேஷனும் தந்தி அடிப்பதை நிறுத்திவிட வேண்டும். நாள் முழுக்கக் கடகடத்துக்கொண்டிருக்கும் கருவிகள் ஒரேயடியாக வாயை மூடிக்கொள்ளும். அந்த இரண்டு நிமிட அமைதிக்குப் பிறகு ஒரு தட்டு. அதுதான் நாலு. அந்தத் தட்டுக்கு என் பாக்கெட் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டு, கிளை லைன்களுக்கும் நேரத்தை அனுப்புவேன். ஊரில் யாருக்குச் சரியான மணி வேண்டுமானாலும் என்னிடம்தான் வரவேண்டும் என்று நினைப்பு.

ஒருநாள் திண்டிவனத்துக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தேன். முண்டியம்பாக்கம் தாண்டியதும் பெட்டியில் ஜோசியப் பேச்சு கிளம்பியது. எனக்கு ஜோசியம் என்றாலே பற்றிக்கொண்டு வரும். எங்களுக்குப் பத்துக்கு ஒன்பது பொருத்தம், இரண்டாம் வருடமே புத்திர பாக்கியம் என்று சொல்லிக் கட்டி வைத்தார்கள். ஆறு வருடமாக என் மனைவி கோயில் கோயிலாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். அந்த எரிச்சலையெல்லாம் கொட்டி, ஜோசியர்கள் அத்தனை பேரையும் வாய்க்கு வந்தபடி பேசினேன்.

எதிரே உட்கார்ந்திருந்த ஒருவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். விரல் நுனியெல்லாம் மைக்கறை. திண்டிவனத்தில் பத்திரம் எழுதுகிறவர், காசு வாங்காமல் ஜோசியமும் பார்ப்பவர் என்று பிறகு தெரிந்தது.

“உங்க பிறந்த நேரத்தை யார் சார் குறிச்சாங்க?” என்று கேட்டார்.

மாடு திரும்பி வந்த நேரம் என்று அம்மா சொல்வாள், அதை வைத்துத்தான் யாரோ கணித்தார்கள் என்றேன்.

“அப்போ ஜாதகம் பொய் இல்ல சார். நேரம்தான் பொய். எனக்கு ஒருத்தரும் சரியான நேரம் கொடுத்ததே இல்ல. கொடுத்தா சொல்லிக் காட்டறேன்.”

விடுவேனா? சரியான நேரம் கொடுக்க இந்தப் பக்கத்திலேயே என்னை விட்டால் யார்? திண்டிவனம் வருவதற்குள் பந்தயம் முடிவாகிவிட்டது. பணப் பந்தயம் இல்லை, நியாயமான சோதனை. குடியிருப்பில் அடுத்துப் பிறக்கும் எட்டுக் குழந்தைகளின் நேரத்தை நான் குறித்துக் கொடுப்பேன். பெயர், ஜாதி, ஆணா பெண்ணா எதுவும் எழுதமாட்டேன். நம்பர், நாள், நேரம், ஊர், அவ்வளவுதான். ஒவ்வொன்றுக்கும் முதல் வருடத்தில் நடக்கப்போகிற ஒரே ஒரு விஷயத்தை, ஆமாம் இல்லை என்று தீர்த்துச் சொல்லும்படி அவர் எழுதி, கவரில் போட்டு, அரக்கு வைத்துத் தரவேண்டும். எட்டாவது குழந்தைக்கு ஒரு வயது முடிந்ததும் இருவருமாக உட்கார்ந்து பிரிப்பது. அதுவரை நானும் படிக்கக்கூடாது, பெற்றவர்களுக்கும் தெரியக்கூடாது. தெரிந்தால் மனசு அதையே பிடித்துக்கொள்ளும், சோதனை கெட்டுவிடும் என்று சொன்னவனும் நான்தான்.

எங்கள் குடியிருப்புக்கெல்லாம் பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி ஒரு அம்மாள் இருந்தாள். அவளிடம், குழந்தை வெளியே வந்ததும் கதவு இடுக்கு வழியாக ஓர் எலுமிச்சம்பழத்தை உருட்டிவிடச் சொன்னேன். வெளியே காத்திருப்பவருக்கு நேரம் தெரிவதற்காகப் பெரிய வீடுகளில் செய்கிற வழக்கம் அது. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

“லைன் ஊட்டுக்கெல்லாம் எலுமிச்சம்பயமா? நல்லா இருக்குது தந்தி தம்பி கூத்து!”

ஆனாலும் செய்தாள். நாலு குழந்தைகள் பிறந்தன. ஐந்தாவது, எங்களுக்கு அடுத்த வீட்டு கேங்மேனின் மனைவிக்கு, ஐப்பசி மாதக் கடைசியில்.

அன்று விடிகாலையிலிருந்து அந்த வாசலில் கடிகாரத்தோடு நின்றேன். கேங்மேன் தண்டவாளம் பார்க்கப் போய்விட்டிருந்தார். உள்ளே முனகல் கேட்டுக்கொண்டே இருந்தது, பிறகு அதுவும் நின்றுபோனது. கிழக்கே சரக்குக் கொட்டகைக்கு மேல் சூரியன் விளிம்பு காட்டியபோது கதவுக்கடியிலிருந்து பழம் வந்தது. மற்ற நாலு தடவையும் பழம் இரண்டடி உருண்டு நின்றுவிடும். இது வாசல் சரிவில் இறங்கி, மண்ணில் ஒரு வளைவு போட்டு, என் செருப்பில் வந்து முட்டி நின்றது. அழுகை அதற்கப்புறம்தான் கேட்டது. ஏழு மணி ஆறு நிமிடம். ‘காலை 7-06’ என்று எழுதினேன். ஏனோ உடம்பு ஒருமுறை சிலிர்த்தது. ஐப்பசிப் பனி என்று சொல்லிக்கொண்டேன்.

பெண் குழந்தை. அதற்கு எங்கள் வீடு வேறு, அதன் வீடு வேறு இல்லை. தாய் வேலைக்குப் போகும்போதெல்லாம் என் மனைவி இடுப்பில்தான் இருக்கும். கல்யாணமான இத்தனை வருடத்தில் அவள் தனக்குத்தானே பாடிக்கொண்டு சமைப்பதை அப்போதுதான் கேட்டேன். நானும் டியூட்டி முடிந்து வந்தால் சட்டையைக் கழற்றுவதற்கு முன் அதைத் தூக்கிக்கொள்வேன். கடிகாரத்தைக் காதில் வைத்தால் கண்ணை உருட்டிக்கொண்டு அசையாமல் கேட்கும்.

எட்டுக் கவர்களும் என் டிரங்குப் பெட்டியில் சேர்ந்துவிட்டன. ஒரு வருடம் பேசாமல் இருந்திருக்கவேண்டும். இருக்க முடியவில்லை.

மாசி மாதம் மூன்றாம் நம்பர் குழந்தை காய்ச்சலில் இறந்துபோனது. பத்து மாதம். அந்த வீட்டில் போய் உட்கார்ந்துவிட்டுத் திரும்பும்போது எனக்கு வருத்தத்தைவிட ஓர் அரிப்புதான் அதிகமாக இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த மனுஷன் இதை எழுதியிருப்பானா? மனைவி இல்லாத நேரம் பார்த்து மூன்றாம் கவரின் அரக்கைப் பெயர்த்தேன். ‘நோய் நொடி அண்டாது. வருடம் முழுவதும் ஆரோக்கியம்’ என்று அழகான பத்திர எழுத்தில் இருந்தது.

பொய்! தலையிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது மாதிரி இருந்தது. அந்த தைரியத்தில், பக்கத்திலேயே கிடந்த ஐந்தாம் கவரையும் பிரித்தேன். அதில் இரண்டே வரி. ‘பதினோராம் மாதம் நீரால் கண்டம். தப்பினால் தீர்க்காயுள்.’

நான் இன்றுவரை யோசித்து யோசித்து மாய்கிற இடம் இதுதான். ஒரு நிமிடத்துக்கு முன்னால் அதே கை எழுதியது பொய் என்று கண்ணால் பார்த்தவன் நான். அடுத்த கவரைப் படித்ததும் அந்தப் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அது எங்கள் வீட்டுக் குழந்தை இல்லையா? மூன்றாம் கவர் மறந்தே போய்விட்டது.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சோதனை கெட்டுவிடும் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மையில், கவரைப் பிரித்த திருட்டுத்தனம் வெளியே தெரிந்துவிடும் என்ற பயம்.

அதற்குப் பிறகு எங்கே திரும்பினாலும் தண்ணீர்தான். இஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றும் பெரிய குழாய் பிளாட்பாரக் கோடியில் எப்போதும் சொட்டிக்கொண்டிருக்கும். வருடக்கணக்காகக் காதில் விழாத அந்தச் சொட்டு இப்போது ஆபீஸுக்குள் கேட்டது. தந்திக் கருவி ஓயும் நேரமெல்லாம் அது கேட்கும். குழந்தையும் அப்படித்தான் நடந்துகொண்டது, அல்லது என் கண்ணுக்கு அப்படிப் பட்டது. தவழ ஆரம்பித்த நாளிலிருந்து ஈரம் இருக்கும் இடத்துக்கே போகும். சொம்பைக் கவிழ்க்கும், கவிழ்ந்த தண்ணீரில் கையை வைத்துத் தட்டித் தட்டிப் பார்க்கும். பிறகு தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்துச் சிரிக்கும். ஒருநாள் நடுப்பகலில் அது வாளி விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தண்ணீருக்குள் தெரிந்த தன் முகத்தோடு ஏதோ பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். எல்லாக் குழந்தையும் செய்கிற காரியம்தான். நான் மட்டும் ஓடிப்போய் அதைத் தூக்கிக்கொண்டேன்.

ஆவணி முடிகிற சமயம், குழந்தைக்குப் பத்து மாதம் முடிந்து, பதினோராம் மாதம் தொடங்கியது. அதன் தாய் தினமும் மத்தியானத்தில் ஏரிக்குத் துணி துவைக்கப் போவாள். கரையில் இருக்கும் வேலமரத்தில் புடவையால் தூளி கட்டிக் குழந்தையைப் போட்டுவிட்டு, அதைப் பார்த்தபடியே துவைப்பாள். நான் போய், குழந்தையை இனிமேல் ஏரிப் பக்கம் கொண்டுபோகக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன்.

“ஏன் தந்தி ஐயா? எதுனா பார்த்தீங்களா?” என்றாள். முகத்தில் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

“சொன்னா கேளு. ஒரு மாசத்துக்கு எங்க வீட்ல விட்டுட்டுப் போ” என்று அதட்டினேன்.

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. உத்தியோகஸ்தன் சொல்கிறான், காரணம் இருக்கும் என்று நினைத்திருப்பாள்.

அடுத்தது என் வீடு. குழந்தையை வைத்துக்கொண்டு என் மனைவி கிணற்றடிக்குப் போகக்கூடாது அல்லவா? பின்கட்டில், பாதியாக அறுத்த எண்ணெய்ப் பீப்பாய் ஒன்றை, முழங்கால் உயரம் வெளியே தெரியும்படி மண்ணில் புதைத்து வைத்திருந்தோம். சும்மா கிடக்கும். அதைத் தேய்த்துக் கழுவி, தினமும் காலையில் நானே கிணற்றிலிருந்து இறைத்து விளிம்புவரை நிரப்பினேன். மேலே போட ஒரு பலகையும் தயார் செய்தேன். எதற்கு இந்தக் கூத்து என்று மனைவி கேட்டாள். உனக்குச் சிரமம் வேண்டாமே என்றேன். அவள் உச்சி குளிர்ந்துபோனாள்.

மாதம் முடிய நாலு நாள் இருந்தது. அன்று எனக்கு மத்தியான டியூட்டி. கிளம்புவதற்கு முன் அந்தப் பீப்பாயில் முகம் கை கால் கழுவிக்கொண்டு ஓடினேன். நாலு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது வழக்கம்போல லைன் அடங்கியது. கையில் கடிகாரம், காது கருவியில். வெயில் ஜன்னல் வழியாக மேஜைமேல் கிடந்தது. அந்த அமைதியில் தூரத்துச் சொட்டு கேட்டது. திடீரென்று அந்தப் பீப்பாய் கண்முன் வந்தது. முகம் கழுவினேன். பலகையை எடுத்துச் சுவரில் சாய்த்தேன். திரும்ப வைத்தேனா?

அதே கணம் வேலிக்கு அப்பாலிருந்து ஓர் அலறல்.

நான் உடனே எழுந்திருக்கவில்லை. இதை எழுதாமல் விட்டால் இந்த அனுபவத்தை எழுதுவதிலேயே அர்த்தம் இல்லை. நேரம் வரப்போகிறது, நான் வாங்கி அனுப்பவேண்டும், கிளை லைன்கள் காத்திருக்கின்றன. பத்துப் பதினைந்து விநாடி இருக்கும். அலறலைக் கேட்டுக்கொண்டே, எழுந்திருக்க முடியாமல் அந்த நாற்காலியில் இருந்தேன். நாலு மணி தட்டு விழுந்தது. அனுப்பினேன். அப்புறம்தான் ஓடினேன்.

பின்கட்டில் குழந்தையின் தாய் நின்றிருந்தாள். குழந்தையின் இரண்டு காலையும் ஒரு கையில் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி, இன்னொரு கையால் முதுகில் அறைந்துகொண்டிருந்தாள். குழந்தை நீலம் பாரித்திருந்தது. என் மனைவி காய்ந்த மிளகாயை முறத்தோடு கீழே போட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். அவள் மிளகாயை அள்ளத் திரும்பிய நேரத்தில்தான் குழந்தை பீப்பாய்க்குள் கவிழ்ந்திருக்கிறது. ஒரு சத்தம்கூடக் கேட்கவில்லையாம். குழந்தை வாயிலிருந்து தண்ணீர் வந்தது. மறுபடியும் வந்தது. பிறகு ஓர் இருமல். பிறகு, அந்த ஐப்பசிக் காலையில் கேட்ட அதே அழுகை. நான் அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

தாய் அந்த நேரத்துக்கு எப்படி வந்தாள்? துவைத்துக்கொண்டிருந்தவளுக்கு மார்பில் பால் கட்டிக்கொண்டு தானாகவே ஒழுகியதாம். துணியை அப்படியே கல்லின்மேல் போட்டுவிட்டு வந்திருக்கிறாள். உள்ளே நுழைந்தபோது பீப்பாய்க்கு மேலே இரண்டு சின்னப் பாதம் மட்டும்தான் தெரிந்ததாம்.

குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே அவள் சொன்னாள், யாரையும் குற்றம் சொல்லாமல், தனக்குத்தானே: “ஏரிக்கே இட்டுக்கினு போயிருந்தா, என் கண்ணு முன்னாடியே தூளில கெடந்திருக்கும்.”

என் மனைவி இரண்டு நாள் சாப்பிடவில்லை. தன்னால்தான் என்று நினைத்துக்கொண்டு மூலையில் சுருண்டு கிடந்தாள். தாங்க முடியாமல் நான் அந்தக் கவரை எடுத்து வந்து காட்டினேன். இரண்டு வரியையும் படித்தாள். கவரை மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

“இதைப் படிச்ச அன்னிக்கே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அந்தப் பீப்பாயில ஒரு சொட்டுத் தண்ணி இருக்க விட்டிருப்பேனாங்க?” என்றாள்.

கவரோடு திண்டிவனத்துக்கு ரயில் ஏறினேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பத்திரக்காரர் காலில் விழும் எண்ணத்தோடுதான் போனேன். பதினோராம் மாதம், நீர், தப்பியது. ஓர் எழுத்துப் பிசகவில்லையே! அவர் நான் சொன்னதைக் கேட்டுச் சந்தோஷப்படவில்லை. வெளிறிப்போனார். ஐந்தாம் நம்பர் கணக்கை எடுத்து விரித்து, குழந்தை பிறந்த காலையை விவரமாகச் சொல்லச் சொன்னார். எலுமிச்சம்பழம் உருண்டு வந்ததையும், அப்போதுதான் சூரியன் கொட்டகைக்கு மேல் தலைகாட்டியதையும் சொன்னேன். அவர் கை நின்றுவிட்டது.

“ஏழு மணிக்கு மேலயா சார் சூரியன் உதிச்சான்?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் என் பாக்கெட் கடிகாரத்தையே பார்த்தார்.

“புது மணியா சார் எழுதினீங்க?”

அப்போதுதான் உறைத்தது. யுத்தத்துக்காக சர்க்கார் எல்லாக் கடிகாரத்தையும் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கச் சொல்லியிருந்தது. முதல் நாலு குழந்தையும் பிறந்த பிறகு, ஐந்தாவது பிறப்பதற்கு முன். ரயில்வேயில் நாங்கள் அன்றே மாற்றிக்கொண்டோம். அவர் வீட்டில் கடிகாரமே இல்லை. ஊர் ஜனங்களைப் போலப் பழைய மணியிலேயே இருந்துவிட்டார். ஜாதகத்துக்கு என்றால் நான் ஒரு மணியைக் கழித்துவிட்டு எழுதுவேன் என்று அவர் நினைத்தார். கழிக்கவேண்டியது அவர் வேலை என்றுகூட நான் நினைக்கவில்லை, அந்த எண்ணமே எனக்கு வரவில்லை. நிமிடம் பிசகாமல் குறித்தவன் ஒரு முழு மணி நேரத்தைக் கோட்டை விட்டிருந்தேன்.

சூரியன் உதிக்கும்போது பிறந்த குழந்தைக்கு சூரியன் லக்னத்திலேயே இருக்கவேண்டும், ஜோசியத்தில் அரிச்சுவடி அது என்றார். அவர் போட்ட கட்டத்தில் லக்னம் அடுத்த ராசிக்குத் தாண்டி, சூரியன் பன்னிரண்டாம் இடத்தில் உட்கார்ந்திருந்தான். அங்கேயே ஒரு மணியைக் கழித்து மறுபடி கணக்குப் போட்டார். ரொம்ப நேரம் எழுதினார்.

“இந்தக் குழந்தைக்கு நீர்க் கண்டமே இல்ல சார். அந்தப் பலன் இதுக்கில்ல. ஒரு மணி நேரம் கழிச்சிப் பொறந்த யாருக்கோ எழுதிட்டேன்.”

நேரம் சரியாக இருந்த மூன்றாம் நம்பருக்குச் சொன்ன பலன் பொய்யாகி ஒரு குழந்தை போய்விட்டது. நேரம் தப்பான ஐந்தாம் நம்பருக்குச் சொன்ன பலன் அப்படியே பலித்திருக்கிறது. பலித்ததா, இல்லை நான் பீப்பாயை நிரப்பி, பலகையைச் சாய்த்து வைத்து, தாயை ஏரிக்குத் துரத்திப் பலிக்க வைத்தேனா? அந்த வீட்டுக்கு வழி தெரியாமல் கிடந்த ஒரு கண்டத்தைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து உள்ளே விட்டவன் நான். மீதிக் கவர்களை நாங்கள் பிரிக்கவில்லை. அடுத்த வாரம் என் வீட்டு அடுப்பில் போட்டேன். அவர் அதற்குப் பிறகு பத்திரம் மட்டும்தான் எழுதினார் என்று கேள்வி.

இதோடு முடிந்திருந்தால் ஜோசியம் தோற்றது, மனித மனம்தான் காரணம் என்று மீசையை முறுக்கிக்கொண்டு இதை எழுதியிருப்பேன்.

திண்டிவனத்திலிருந்து திரும்பிய மறுநாள் மருத்துவச்சி அம்மாளைக் குழாயடியில் பார்த்தேன். சும்மா இருக்கமுடியாமல், அந்த ஐப்பசிக் காலையில், அதற்கு ஒரு மணி நேரம் கழித்து வேறு எங்கேயாவது குழந்தை பிறந்ததா என்று கேட்டேன். அவளுக்கு நல்ல ஞாபகம்.

“ஆமா தம்பி. கேங்மேன் ஊட்லேர்ந்து கையக்கூடக் கழுவாம ஜல்தியா ஊருக்குள்ள ஓடனேன். போன ஒடனே பொறந்துச்சி. ஆம்பளப் புள்ள. பாவம், அந்தப் புள்ளகூட இப்ப ஒரு வாரத்துக்கு முன்னால…”

நான் கையை உயர்த்தி அவளை நிறுத்தினேன். “வேணாம்மா, சொல்லாத” என்று சொல்லிவிட்டு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்துவிட்டேன். பிளாட்பாரக் கோடியில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சலா, பல் முளைத்ததா, என்ன என்று நான் பிறகும் கேட்கவே இல்லை. சில வருடங்களில் அந்த அம்மாளும் காலமாகிவிட்டாள்.

குடியிருப்பிலோ கதை வேறு மாதிரி பரவியது. தந்தி ஐயாவுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது, தண்ணீர்ப் பக்கம் கொண்டுபோகாதே என்று ஒரு மாதமாகச் சொன்னாராம் என்று பேசிக்கொண்டார்கள். தொலைந்துபோன மாடு எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டுகூட ஒருவர் வந்தார். ஜோசியத்தைக் கிழித்துத் தோரணம் கட்டக் கிளம்பியவனுக்குக் கிடைத்த மரியாதையைப் பாருங்கள்!

பதினேழு பதினெட்டு வருடம் கழித்து, அந்தத் தாய் என் வீட்டுக்கு வந்தாள். மகளுக்கு நல்ல இடத்தில் சம்பந்தம் வந்திருக்கிறதாம். கூடவே அந்தப் பெண்ணும் வந்து, என் மனைவியின் தோளில் சாய்ந்துகொண்டு நின்றது. நல்ல உயரம், நிறுத்தாத சிரிப்பு.

“எங்க ஜனத்துல ஜாதகமெல்லாம் யாரு பார்த்தாங்க? மாப்ள ஊட்ல கேக்கறாங்க. நீங்கதான் நிமிஷத்தோட நேரம் குறிச்சி வச்சீங்களே, சொல்லுங்க தந்தி ஐயா.”

அந்த நேரம் என் நாக்கு நுனியில் இருந்தது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், அதிலிருந்து ஒரு மணி கழிக்கவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்வேன். என் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மறந்துபோச்சும்மா. காலையில சூரியன் வந்த நேரம், அவ்வளவுதான் ஞாபகம்” என்றேன்.

“உங்களுக்கா மறந்துச்சி?” என்று அந்தத் தாய் வாய்விட்டுச் சிரித்தாள்.

பெண்ணுக்குக் கல்யாணம் நடந்தது, பிள்ளை குட்டியோடு நன்றாக இருக்கிறாள். ஜோசியம் பலிக்குமா பலிக்காதா என்று யாராவது இன்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது என்றுதான் சொல்வேன். ஏனென்றால், நியாயமாகச் சோதித்துக் காட்டுகிறேன் என்று கடிகாரத்தோடு கிளம்பியவன், குழாயடியில் விடை காதுவரைக்கும் வந்தபோது கையை உயர்த்தி அதைத் தடுத்துவிட்டேன், அந்தப் பாதி வாக்கியம் இன்னும் என் காதில் முடியாமல் நின்றுகொண்டிருக்கிறது.